மன்னர் பந்தியில் அறுகம்புல்

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், செங்கழுநீர்ராயன் என்றொரு மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். கெட்டவர் அல்லர். போர் என்றால் முன்னால் நிற்பார்; மழை பொய்த்தால் வரியைத் தள்ளிவைப்பார். ஆனால் யாராவது புகழத் தொடங்கினால் போதும், அவருடைய அறிவு அவரைத் தனியே விட்டுவிட்டு உலாவப் போய்விடும்.

அவரிடம் மின்னற்கொடி என்றொரு வெள்ளைப் பெண்குதிரை இருந்தது. கப்பலில் வந்த அரபு வணிகர்களிடம் வாங்கியது. ஒருநாள் வேட்டையின்போது காட்டாற்றில் வெள்ளம் வந்தது. மின்னற்கொடி ஒரே பாய்ச்சலில் மன்னரை மறுகரை சேர்த்தது. ஈரத்தலையோடு சபைக்கு வந்த மன்னர், "என் உயிரைக் காத்தவளுக்கு நான் என்ன மரியாதை செய்யலாம்?" என்று கேட்டார்.

லாயத்துக்குப் புதுக் கூரை போடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் கதையே இல்லை. தலைமை அமைச்சராகிய பிரதானி வல்லபராயர் எழுந்துவிட்டார். அவருக்கு முதுகெலும்பு ஒன்று உண்டு என்று கேள்விதான். குனிந்தே இருப்பார் என்பதால் யாரும் நேரில் பார்த்ததில்லை.

"மகாராஜா! தங்கள் உயிரும் அதன் உயிரும் ஒன்றாகிவிட்டன. தாங்கள் உண்பதையே அது உண்ண வேண்டும். தாங்கள் இருப்பது போலவே அது இருக்க வேண்டும். உலகில் எந்த மன்னரும் எந்தக் குதிரைக்கும் செய்யாத மரியாதை!"

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. கோட்டை வாசலில் கல்லில் வெட்டினார்கள்: 'நாம் உண்பது எதுவோ அதுவே மின்னற்கொடியும் உண்ணும். நாம் இருப்பது எப்படியோ அப்படியே அதுவும் இருக்கும். சூரிய சந்திரர் உள்ளவரை இது நடக்கும். இதை மீறியவன் தலை இழப்பான். கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திலும் போவான். இது வல்லபராயர் விண்ணப்பத்தால் வெட்டியது.'

அன்று முதல் குதிரைக்கு நெய்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல், அதிரசம். படுக்க ரத்தினக் கம்பளம். மழைக்காலம் தொடங்கியதும் சன்னல்களை எல்லாம் அடைத்து அகில் புகை போட்டார்கள். மூத்திரமும் ஈரமும் ஊறிய கம்பளத்தின் மேல் குதிரை நாளெல்லாம் நின்றது. மன்னர் உட்கார்ந்தே இருந்தார் என்பதால் அதற்கும் ஓட்டம் கிடையாது.

நவராத்திரி நெருங்கும்போது மின்னற்கொடி நடக்க மறுத்தது. முன்னங்கால்களை முன்னால் நீட்டி, உடம்பின் பாரத்தை எல்லாம் பின்னங்கால்களில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்த குடிகாரன் போல நின்றது. குளம்பைத் தொட்டால் கொதித்தது.

மன்னர் கலங்கிவிட்டார். அரண்மனை வைத்தியர் மருதவாணர் நாடி பார்ப்பதாக வந்து, குதிரையின் எந்தக் காலில் நாடி பார்ப்பது என்று தெரியாமல் வாலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணேறு" என்றார். வல்லபராயருக்கோ அதைவிட நல்ல யோசனை தோன்றியது. சபையில் விகடகவி அம்பலத்தாடி இருந்தார். முந்தின வாரம்தான் பிரதானியின் கும்பிடைப் போலவே கும்பிட்டுக் காட்டி ராணியை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்திருந்தார்.

"மகாராஜா, அம்பலத்தாடிக்குத் தெரியாத வித்தை உண்டா? குதிரையை அவரிடம் ஒப்படையுங்கள். தீனி, இருப்பு, நடை எல்லாம் அவர் அதிகாரம். விஜயதசமி ஊர்வலத்தில் மின்னற்கொடி நடந்தால் அவருக்குப் பரிசு. நடக்காவிட்டால் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் விட்டுவிடலாம்" என்றார். பிறகு ஏதோ மறந்ததை நினைத்துக்கொண்டவர் போல, "கல்லில் வெட்டியதை மட்டும் மீறக் கூடாது. மீறினால் என்ன என்று கல்லே சொல்கிறது" என்று சேர்த்தார்.

மன்னர் தலையசைத்துவிட்டார். அம்பலத்தாடி லாயத்துக்குப் போனார். குதிரையிடமிருந்து பாதுகாப்பான தூரத்தில் நின்றுகொண்டு லாயக்காரர்களைக் கேட்டார்.

"என்னப்பா இதுக்கு?"

"என்னவா? மேலே விழுந்து விழுந்து ஊட்டுனா என்ன ஆகும்? அதிரசம் தின்னுற சாதியா இது?" என்றார் ஒருவர்.

"இனிப்பையும் சோத்தையும் நிறுத்திட்டுப் புல்லைப் போடணும். ஆத்துத் தண்ணியில நிக்க வைக்கணும். ஈரத்தைக் கழிச்சு மணல் போட்டுக் கட்டணும். மழைக்காலத்துல காலையும் சாயங்காலமும் குளம்பைச் சுரண்டித் துடைச்சு வேப்பெண்ணெய் தடவணும். சன்னலைத் தொறந்து விடணும். வேற ஒண்ணுமில்ல" என்றார் இன்னொருவர்.

சந்தைக்குப் போய் வண்டிக்காரர்களைக் கேட்டார். அவர்களும் அதையே சொன்னார்கள். பிரதானி வீட்டுக் குதிரைகள் என்ன தின்கின்றன என்று எட்டிப் பார்த்தார். புல்தான் தின்றுகொண்டிருந்தன. ஆக, நாட்டில் இந்த மருந்து தெரியாதவர் மன்னர் ஒருவர்தான். அவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை. சொன்னால் கல்வெட்டு தப்பு. கல்வெட்டு தப்பென்றால் மன்னர் தப்பு.

புல்லைப் போட்டால் தலை போகும். போடாவிட்டால் ஊர் போகும். அம்பலத்தாடி கோட்டை வாசலுக்குப் போய்க் கல்லின் முன் நின்று, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் போல அதை மறுபடி மறுபடி படித்தார். பிறகு நேரே அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போனார்.

"நாகப்பரே, இன்றைக்கு என்ன சமையல்?"

"புளியோதரை, பால்பாயசம், அப்பம். ஏன் சாமி, பசியா?"

"எல்லாவற்றையும் ஏறக்கட்டு. மின்னற்கொடிக்கு இன்று முதல் அறுகம்புல். அதன் தீனி என் அதிகாரம். அது உண்பதுதானே மன்னரும் உண்பது? கழுவிப் பரிமாறு."

தலைமைச் சமையற்காரர் நாகப்பர் கையிலிருந்த கரண்டி பாயசத்துக்குள் விழுந்தது. "ஐயோ, என் தலை போயிருமே!"

"பரிமாறாவிட்டால்தான் போகும். வாசலில் போய்ப் படித்துப் பார்."

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. மன்னரின் பந்தியில் அமர்கிறவருக்கு மன்னர் இலையில் என்ன விழுகிறதோ அதுதான் விழும். மன்னர் கையை உதறும்வரை எழுந்திருக்கவும் கூடாது. அந்தப் பந்தியில் இடம் பிடிக்க வல்லபராயரும் மருதவாணரும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இலை போட்டார்கள். உப்பு வைத்தார்கள். பிறகு நாகப்பர் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு கட்டுப் புல் வைத்தார்.

மன்னர் இலையைப் பார்த்தார். இலை அவரைப் பார்த்தது. "இது என்ன அலங்காரம்? சோறு எங்கே?"

"இதுதான் மகாராஜா சோறு" என்றார் அம்பலத்தாடி. "மின்னற்கொடி இன்று புல் உண்கிறது. தாங்கள் வேறு எதையாவது வாயில் வைத்தால் கல்வெட்டு பொய்யாகிவிடும். காராம்பசு பாவம் வேறு. தங்களுக்கு வரவிருந்ததை இந்த ஏழை தடுத்துவிட்டேன்."

"அடே! நான் உண்பதை அது உண்ண வேண்டும் என்றுதானே வெட்டினேன்?"

"அப்படியேதான் மகாராஜா. அது உண்பதைத் தாங்களும் உண்டுவிட்டால், தாங்கள் உண்பதைத்தானே அது உண்டதாக ஆகிறது? எது முன்னே என்று கல்லில் இல்லை."

மன்னர் வல்லபராயரைப் பார்த்தார். கல்வெட்டைக் குறை சொன்னால் அது தன் விண்ணப்பத்தைக் குறை சொன்னதாகும் என்பதால் பிரதானி சிரித்தார். "அருமையான விளக்கம்" என்றார். அந்தச் சொல்லுக்காக அவர் பிற்பாடு தன் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடிக்க வேறு எதுவும் கிடைக்கவில்லை.

மன்னருக்குக் கோபம் தலைக்கேறியது. கல்லைப் பெயர்த்து எறியச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் அந்நாட்டு முறைப்படி, வெட்டிய கல்லை மாற்ற வேண்டுமென்றால் யார் விண்ணப்பத்தால் வெட்டியதோ அவரே சபையில் வந்து, ஏன் மாற்ற வேண்டும் என்று காரணம் சொல்லியாக வேண்டும். வல்லபராயர் வாயைத் திறக்கவில்லை. மன்னர்கள் பிடிவாதக்காரர்கள். செங்கழுநீர்ராயன் ஒரு பிடி புல்லை எடுத்து வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். பந்தி முழுவதும் மென்றது.

"பல் பலமில்லாதவர்களுக்கு அரைத்தும் தரலாம்" என்றார் அம்பலத்தாடி கனிவாக. "மின்னற்கொடிக்கும் அரைத்தே வைத்துவிடுகிறேன்."

மறுநாள் கல்லின் இரண்டாம் வரியான இருப்பு தொடங்கியது. குதிரை ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றது. பக்கத்தில் மன்னர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். மன்னர் நிற்கும்போது கரையில் நிற்க முடியாது என்பதால் பிரதானியும் வைத்தியரும் பட்டு அங்கவஸ்திரத்தோடு நின்றார்கள். துணி துவைக்க வந்தவர்கள் துவைப்பதை மறந்தார்கள்.

"ஏன்டி, மகாராஜாவுக்கு என்ன?"

"குளம்பு வலியாம்."

கரையேறியதும் மணலில் உட்கார வைத்து, அம்பலத்தாடி மன்னரின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, விரலிடுக்கெல்லாம் துடைத்து வேப்பெண்ணெய் தடவினார். "அசையாதீர்கள் மகாராஜா. அவள்கூட இவ்வளவு உதைப்பதில்லை."

"உன்னைக் கழுதைமேல் ஏற்றும்போது கடிவாளத்தை நானே பிடிப்பேன்" என்றார் மன்னர். ஆனால் கண் குதிரைமேல் இருந்தது. மின்னற்கொடி நீட்டியிருந்த முன்னங்காலை மெல்ல இழுத்து, ஒழுங்காக ஊன்றியிருந்தது. மன்னர் அடுத்த பாதத்தைத் தானாகவே நீட்டினார்.

அம்பலத்தாடிக்கு இன்னும் கவலைதான். ஊன்றுவது வேறு, ஊர்வலத்தில் நடப்பது வேறு. குணமாகும் முன்பே இந்தப் பெரிய மனிதர்கள் கல்லைத் தங்கள் வசதிக்கு மாற்றிவிட்டால் குதிரைக்கு அதிரசம் திரும்பி வந்துவிடும். மன்னர் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கும் யாராவது வாய் திறக்க வேண்டும்.

பந்திக்கு வராமல் இருக்க மருதவாணர் காய்ச்சல் என்றார். "மன்னர் பந்தி வீடு தேடி வரும்" என்று அம்பலத்தாடி ஒரு கட்டுப் புல்லை அனுப்பி வைத்தார். வல்லபராயர் வீட்டில் ஒளித்து வைத்த முறுக்கைத் தின்ன வாய் வரை கொண்டுபோனார். காராம்பசு நினைவுக்கு வந்தது. அவர் பாவத்துக்கு அஞ்சாதவர்தான். முறுக்குச் சத்தத்துக்கு அஞ்சினார்.

கடைசியில் ஒருநாள் வல்லபராயர் சபையில் எழுந்தார். மெலிந்துபோன இடுப்பிலிருந்து பட்டுக்கச்சை நழுவ, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "மகாராஜா, கல்வெட்டை மாற்ற விண்ணப்பம்."

"காரணம்?" என்றார் மன்னர்.

"அது... மகாராஜா..."

"காரணம் இல்லாமல் கல் மாறாது, பிரதானி ஐயா" என்றார் அம்பலத்தாடி. "புல் நன்றாகத்தான் இருக்கிறது. இன்று நல்ல இளம்புல்."

புல் என்ற சொல்லைக் கேட்டதும் வல்லபராயரின் பொறுமை அணை உடைந்தது. "குதிரை வயிறு வேறு, மனித வயிறு வேறு, மகாராஜா! அது தின்பதை நாம் தின்றால் செத்துப்போவோம்! இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

மன்னர் மெதுவாகக் கேட்டார். "அப்படியானால், நாம் தின்பதை அது தின்றால்?"

வல்லபராயர் நழுவிய கச்சையை மேலே இழுத்துக்கொண்டார். மருதவாணர் தன் கால் விரல்களை ஆராய்ந்தார்.

"இது உமக்கு முன்பே தெரியுமா, பிரதானி?"

"தெரி... மகாராஜா மகிழ்ச்சியாக இருந்தீர்கள்..."

"அவளை நொண்டியாக்கியது கண்ணேறு இல்லை. நான்தான்" என்றார் மன்னர். முகம் சிவந்தது. எல்லோரும் அவர் இடுப்பு வாளைப் பார்த்தார்கள். அவரோ சிற்பியைக் கூப்பிடச் சொன்னார். அன்று மாலையே கல் மாறியது: 'மின்னற்கொடி குதிரைகள் உண்பதை உண்ணும், குதிரைகள் இருப்பது போல் இருக்கும்.' மன்னர் தன் கையாலேயே லாயத்துச் சன்னலைத் திறந்தார். அன்றிரவு புளியோதரை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் அம்பலத்தாடியின் கெடு அப்படியே இருந்தது. விஜயதசமி அன்று கழுதையும் தயாராகக் கட்டியிருந்தது. வல்லபராயர் அதற்குத் தன் செலவில் புல் போட்டிருந்தார். மின்னற்கொடியை மேல்பாரம் இல்லாமல், மாலை மட்டும் போட்டுக் கொண்டு வந்தார்கள். மன்னர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். குதிரை ஓரடி வைத்தது. நின்றது. அம்பலத்தாடிக்கு நெற்றியில் கரும்புள்ளி குத்துகிற இடம் அரித்தது. அது இன்னோரடி வைத்தது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, கடைத்தெருவெல்லாம் பார்த்து நடந்தது.

பிரதானியின் மாளிகை முன் வந்ததும் மின்னற்கொடி நின்றது. வல்லபராயர் தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு குனிந்தார். குதிரை திரும்பி நின்றது. வாலைத் தூக்கியது. சூடாகவும் நிறைவாகவும் அவர் வாசற்கோலத்தின் நடுவில் போட்டுவிட்டு, நிம்மதியாக மூச்சு விட்டது.

அம்பலத்தாடி முதல் தடவையாகக் குதிரையின் அருகே வந்தார். குனிந்து, ஒரு வைத்தியருக்குரிய கவலையோடு அதைப் பார்த்தார்.

"உருண்டை உருண்டையாக, பதமாக இருக்கிறது, மகாராஜா. வயிறு சீர். பிரதானி ஐயா, தட்டை இறக்கிவிட்டு நீங்களும் ஒருமுறை பார்த்து உறுதி செய்யலாம்."

மன்னர் சிரிக்க ஆரம்பித்தார். கடிவாளத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவிலேயே உட்கார்ந்து சிரித்தார். ராணி பல்லக்கிலிருந்து சிரித்தார். சிரித்து முடிக்க முடியாமலே மன்னர் தன் கைக்கடகத்தைக் கழற்றி அம்பலத்தாடிக்கு மாட்டிவிட்டார், தோள்சால்வையையும் போர்த்தினார். கழுதையை அவிழ்த்து விடச் சொன்னார். மின்னற்கொடி அதற்குள் பிரதானியின் தட்டிலிருந்த பூவைத் தின்று முடித்துவிட்டு, பழத்தைத் தொடாமல், மேலே நடந்தது.