ஆர்க்கிட்டுக்கு ஒரு தொட்டி

“இந்த மடம் எனக்குச் சரிப்பட்டு வருங்களா, அம்மா?”

ஏற்காட்டு மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்த அன்றே கந்தவேல் இதைத்தான் கேட்டார்.

ஐம்பதைத் தாண்டியவர். ஈரோட்டில் மஞ்சள் மண்டியை மனைவி பூங்கொடியின் தலையில் போட்டுவிட்டு, ஞானம் தேடிக் கிளம்பியவர். ஒரு மடத்தில் பேச்சு அதிகம். இன்னொன்றில் மௌனம் அதிகம். வேறொன்றில் குருவுக்கே கோபம் வந்தது. எங்கும் அவர் விரித்த பாய் பழகுவதற்குள் சுருண்டது.

இங்கே குரு அமுதம்மை. அவரைவிட வயதில் இளையவர். மடத்துக்குப் பின்னால் ஒரு நிழற்கொட்டகையில் ஆர்க்கிட் வளர்த்துக்கொண்டிருந்தார்.

கேள்விக்குப் பதிலாக, வெறும் வேரோடு ஓர் ஆர்க்கிட் செடி கைக்கு வந்தது.

“இதுக்கு ஏத்த தொட்டியா பார்த்து வையுங்க. அப்புறம் பேசலாம்.”

கந்தவேல் கடைத்தெருவுக்குப் போனார். இருப்பதிலேயே அழகான நீலப் பீங்கான் தொட்டியை வாங்கினார். நல்ல செம்மண் நிரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்.

வேர் கறுத்தது.

“ஊத்தின தண்ணி எங்க போச்சு?” என்றார் அமுதம்மை.

கந்தவேல் தொட்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அடியில் ஓட்டையே இல்லை.

“மண்ணு?”

“மண்ணுல தப்பில்லைங்களே. நெல்லே விளையும்.”

“நெல்லு விளையும். இது மரத்து மேல தொத்திக்கிட்டு வாழற செடி. வேருக்குக் காத்து வேணும்.”

அழுகிய வேரை நறுக்கிவிட்டுச் செடியைத் திரும்பக் கொடுத்தார்.

அடுத்தது, ஓட்டை உள்ள மண்தொட்டி. அண்டா மாதிரி பெரியது. செடி வளர வளர இடம் வேண்டுமே என்று நினைத்தார். நடுவில் ஈரம் காயவே இல்லை.

“பச்சைக் குழந்தைக்கு யாராவது தாத்தா சட்டையைப் போட்டுவிடுவாங்களா?”

மூன்றாவது, வேர் மட்டும் அடங்குகிற சின்ன மண்தொட்டி. அமுதம்மை சொன்னபடி அதைத் தண்ணீரில் மூழ்க வைத்தார். தொட்டி குமிழி விட்டுக்கொண்டே தண்ணீர் குடித்தது. கந்தவேல் குனிந்து, காது கொடுத்துக் கேட்டார். மண்டியில் இத்தனை வருடத்தில் எதையும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. குமிழி அடங்கியதும் அடியில் ஓட்டுத்துண்டு போட்டு, மேலே கரித்துண்டும் ஊறிய தேங்காய் மட்டைத் துண்டும் இட்டுச் செடியை வைத்தார்.

நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் பக்கத்து எஸ்டேட்டில் தேக்குச் சட்டத்தால் செய்த கூடையில் ஆர்க்கிட் பூத்துத் தொங்குவதைப் பார்த்தார். செடியைக் கூடைக்கு மாற்றினார். பிறகு ஒருவர், உள்ளே வேர் தெரிகிற பிளாஸ்டிக் தொட்டிதான் உசத்தி என்றார். அதற்கு மாற்றினார். மனசு கேட்கவில்லை. மறுபடி மண்தொட்டி.

அந்த வாரம் பூங்கொடியின் தம்பி மலையேறி வந்தான்.

“மச்சான், அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டு வரச் சொல்லுச்சு. வர்றீங்களா, இல்லையா? இல்லைன்னா மண்டியை மூடிட்டு எங்க ஊருக்கு வந்துடும். கோபமெல்லாம் இல்லை. தனியா முடியலைன்னு சொல்லுச்சு.”

“யோசிச்சுச் சொல்றேன் மாப்ளே.”

அவன் காபியைக் கூடக் குடிக்காமல் இறங்கிப் போனான்.

கந்தவேல் கொட்டகைக்குப் போனார். செடியின் இலைகள் சுருங்கிக் கிடந்தன. தொட்டியோடு தூக்கிக்கொண்டு அமுதம்மையிடம் வந்தார்.

“ஓட்டை வச்சாச்சு. அளவு பார்த்தாச்சு. கரி, மட்டை எல்லாம் போட்டாச்சு. இன்னும் எந்தத் தொட்டிங்க அம்மா இதுக்கு வேணும்?”

அமுதம்மை ஒரு விரலால் இலையைத் தொட்டார். செடி முழுவதுமாக ஆடியது. இரண்டு விரலால் தூக்கினார். தடையே இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

“வேர் நுனியைப் பாருங்க.”

பச்சையாக இருக்க வேண்டிய நுனிகள் ஒடிந்து, காய்ந்து, பழுப்பாக இருந்தன.

“எப்படி ஒடிஞ்சுது?”

“மாத்தறப்ப ஒடிஞ்சிருக்குங்க.”

“எந்தத் தொட்டியிலிருந்து மாத்தறப்ப?”

கந்தவேல் ஒடிந்த நுனிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார்.

“எல்லாத்துலேர்ந்தும்” என்றார் கடைசியில்.

அமுதம்மை செடியை அதே மண்தொட்டியில் வைத்தார். பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, தண்டை அதோடு சேர்த்து நூலால் கட்டினார். இலையைத் தொட்டுப் பார்த்தார். ஆடவில்லை.

“அப்ப இதுதான் சரியான தொட்டிங்களா?”

“ஓட்டை இருக்கு. அளவா இருக்கு.”

“அவ்வளவுதானா?”

“தொட்டிக்கு அவ்வளவுதான்.”

மூடுபனி மடத்துக்குள் வந்து, கலைந்து போனது. கந்தவேல் எழுந்தார். பாயைச் சுருட்டிக் கட்டினார்.

“ஈரோட்டுப் பக்கம் போற பஸ் எப்பங்க அம்மா?”

“நாலு மணிக்கு. செடியையும் எடுத்துட்டுப் போங்க.”

“அங்க வெயில் கொளுத்துங்களே.”

“நிழல்ல வையுங்க.”

“இறங்கற வரைக்கும் கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸு குலுக்கி எடுத்துடும்.”

“மடியில வச்சுக்கங்க.”