இரண்டாவது ஆணி

"ஏழு நாளா வாரேன். கரண்டியக் கையில குடுக்க மாட்டேங்கிறியே. எங்கிட்ட என்ன குறையக் கண்ட?"

கேட்டவர் கஸ்பார். வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர்.

கேட்கப்பட்டவள் ஜெசிந்தா. வயது முப்பத்து மூன்று. தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்ப்பதில் அந்தக் கரையில் அவளை விட்டால் ஆள் இல்லை. வயதில் மூத்தவர்கள் அவளிடம் வந்து கற்றுக்கொள்வார்கள். அவள் அவர்களை அண்ணே என்பாள், அவர்கள் அவளைத் தங்கச்சி என்பார்கள். ஆனால் அவள் சொன்னதுதான் அங்கே சட்டம்.

"வீட்டுல யார் யார் இருக்கா அண்ணே?" என்று கேட்டாள்.

"இதையேதான் மொத நாளும் கேட்ட."

"மொத நாளு என்ன சொன்னீங்க?"

"நானு, எம் பொஞ்சாதி, எம் மவ செலின். மவளுக்கு இது எட்டாம் மாசம்."

ஜெசிந்தா தலையை ஆட்டிவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

கஸ்பாருக்கு எரிச்சலாக வந்தது. குண்டு வார்க்க வந்தவனிடம் குடும்ப அட்டை விவரம் கேட்டால் யாருக்குத்தான் வராது.

அவருடைய அவசரம் அவருக்கு. செலினுக்கு இரண்டு தடவை கரு தங்கி, இரண்டு தடவையும் கலைந்துபோனது. இந்த மூன்றாவதுதான் எட்டாம் மாதம் வரை வந்திருக்கிறது. ஏழாம் மாதமே பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். பிள்ளை முகத்தைப் பார்க்கும் வரை கடலில் கால் வைப்பதில்லை என்று கஸ்பார் மாதாவிடம் நேர்ந்துகொண்டார். சும்மா இருக்கவும் அவரால் முடியாது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்று யோசித்தபோது ஈயக்குண்டு நினைவுக்கு வந்தது.

கொல்லையில் அடுப்புக்கூட வைத்துவிட்டார். செலின் படுக்கிற அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே. அவள் கூப்பிட்டால் காதில் விழ வேண்டும் அல்லவா.

அவர் அரைகுறையாக எதையும் செய்கிறவர் இல்லை. முதல் நாளே, கைபேசியில் பார்த்த காணொளிகளை, கோயிலில் பிள்ளைகள் ஞானோபதேசம் ஒப்பிப்பது போல ஒப்பித்தார். வெட்டவெளியில்தான் காய்ச்ச வேண்டும். காற்று முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பழைய பேட்டரியை உடைத்து எடுத்த ஈயம் ஆகவே ஆகாது. சோறாக்குகிற சட்டியைத் தொடக் கூடாது. முகமூடி, கண்ணாடி, கையுறை, நீளக்கைச் சட்டை, மூடின பூட்ஸ்.

"எல்லாம் சரிதான்," என்றாள் ஜெசிந்தா.

பிறகு ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய கொட்டகை ஊருக்கு வெளியே, உடைமுள் மரங்களுக்கு நடுவில் இருந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில் ஓலை மறைப்பு ஒன்று. அதன் கம்பத்தில் ஓர் ஆணி, ஆணியில் அவளுடைய துணிப்பை. அந்த ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணியை அடித்தாள். ஏன் என்று சொல்லவில்லை. ஈயம் ஊற்றுகிற கரண்டியை மாட்டுவதற்காக இருக்கும் என்று கஸ்பார் நினைத்துக்கொண்டார்.

அன்று முதல் அவருக்குக் கிடைத்த இடம் காற்று வருகிற பக்கம் பத்தடி தள்ளி ஒரு கல். உட்கார்ந்து பார்க்கலாம். ஈயத்தில் ஒரு துணுக்கைக்கூடத் தொட விடவில்லை.

மூன்றாம் நாள், இதையெல்லாம் உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்.

"எம் மவன்."

"சின்னப் பையனா?"

"அவன் ரத்தம். வாய் தெறந்து பேச லேட்டாச்சுன்னு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ரத்தத்துல ஈயம் இருக்குன்னாங்க."

குரல் கொஞ்சம்கூட மாறாமல்தான் சொன்னாள். கஸ்பார் கல்லிலிருந்து எழுந்துவிட்டார். ஆனாலும் அவர் கஸ்பார் அல்லவா, உடனே விளக்கமும் கண்டுபிடித்தார். அப்போது நீ அடுக்களையில் வைத்துக் காய்ச்சியிருப்பாய், புகை பிடித்திருக்கும், நான் வெளியேதானே காய்ச்சப் போகிறேன் என்றார்.

"வெளியேதான் காய்ச்சினேன்," என்றாள் ஜெசிந்தா.

அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள், குண்டு வார்ப்பதற்குத் தான் வாங்கிய அச்சைக் கொண்டுவந்தார். புத்தம் புதியது. இரவு கொல்லையில் வைத்திருந்தார், லேசாகப் பனி பிடித்திருந்தது. வாயால் ஊதினார், தோள் துண்டால் துடைத்தார், காய்ந்துவிட்டது என்றார்.

ஜெசிந்தா அச்சை வாங்கி அடுப்பு ஓரத்தில் சூட்டில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அச்சின் வாயிலிருந்து நூல் மாதிரி ஆவி கிளம்பியது.

"இது மேல ஈயத்த ஊத்தியிருந்தா?" என்று கேட்டாள்.

கொதிக்கிற எண்ணெயில் சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியாதவரா அவர். கல்லை இன்னும் இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னார்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. தினமும் வேலை முடிந்ததும் ஜெசிந்தா ஓலை மறைப்புக்குள் போய்விடுவாள். அரைமணி நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். தலைக்குக் குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு வருவாள். வேலைச் சேலை மூடிபோட்ட வாளிக்குள் கிடக்கும், வீட்டுக்குப் போகாது. கல்யாண வீட்டுக்கா கிளம்பியாச்சு என்று கஸ்பார் ஒருநாள் கேலி செய்தார். அவள் வாளியின் மூடியை அழுத்தி மூடினாள்.

இப்படித்தான் ஏழு நாள் ஓடியது. எட்டாம் நாள் அவர் வந்தபோது கரண்டி அவருடைய கல்லின் மேல் இருந்தது. அச்சும் இருந்தது. கஸ்பாருக்கு முகம் மலர்ந்தது.

சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஈயம் இல்லை. செங்காவிப் பொடி. கோயில் சுவரின் அடிப்பாகத்துக்குப் பூசுவதற்குக் கலக்குவார்களே, அந்தப் பொடி.

"இத அள்ளி அச்சுல போடுங்க. தட்டி எடுங்க. மறுபடி போடுங்க," என்றாள் ஜெசிந்தா.

"பிள்ளைங்க மண்ணுல வெளாடுற மாதிரியா?"

"ஆமா."

"எத்தன தடவ?"

"நூறு. முடிச்சிட்டு எப்பவும் போற மாதிரியே வீட்டுக்குப் போங்க. எதையும் மாத்தாதீங்க. நாளைக்கு வந்து, செவப்பு எங்கெல்லாம் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

கஸ்பார் நூறு தடவை போட்டார். கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் போட்டார், கோபத்திலும் ஒழுங்கு தப்பாத மனிதர். முடித்ததும் கையுறையை விரல் விரலாக உருவி இடுப்பில் செருகினார். கைலியை இரண்டு உதறு உதறினார். துண்டால் முகத்தையும் கையையும் துடைத்தார். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தார். ஐம்பத்தாறு வயதில் காவிப்பொடியில் விளையாடியதை ஊரார் பார்த்திருந்தால் என்ன ஆவது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செலின் எழுந்து வந்து தலையைக் குனிந்தாள். அவள் நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்து உள்ள வழக்கம் இது. கடலிலிருந்து வந்தாலும் கடைத்தெருவிலிருந்து வந்தாலும் கஸ்பார் முதலில் கட்டைவிரலால் மகள் நெற்றியில் சிலுவை வரைவார். கட்டிக்கொடுத்த பிறகு நின்றிருந்தது, இப்போது மறுபடி நடக்கிறது. அன்றும் வரைந்தார். மனம் ஜெசிந்தாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் நெற்றியை அவர் பார்க்கவில்லை.

காபி குடித்து முடித்தபோதுதான் தம்ளரில் சிவப்பு இருப்பது கண்ணில் பட்டது. சிரித்துக்கொண்டார். சரி, எண்ணித்தான் பார்ப்போமே என்று எழுந்தார்.

வாசல் கதவின் கொண்டியில் இருந்தது. நாற்காலிக் கையில் இருந்தது. தண்ணீர்ப் பானை மூடியில் இருந்தது. கொடியில் அவர் போட்ட துண்டு செலினுடைய நைட்டியோடு ஒட்டிக் கிடந்தது, நைட்டியின் தோளிலும் இருந்தது. இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்த துணியிலிருந்து சிவப்பு கைக்கு வந்தது.

அறைக்குள் செலின் தரையில் உட்கார்ந்து அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு விரிக்கவும் துடைக்கவும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டி. கிழித்த துண்டுகளை மடித்து அடுக்கியிருந்தாள். எல்லாம் வெள்ளை. மேலே இருந்த துண்டில் மட்டும் விரல் தடம் மூன்று, சிவப்பாக.

"இத யாரு தொட்டா?" என்று கேட்டார்.

"நாந்தாம்ப்பா. வேற யாரு தொடப்போறா?"

"நான் இந்த ரூமுக்குள்ளயே வரலையே."

"அதான் சொல்றேனே, நாந்தான்," என்று செலின் நிமிர்ந்தாள். வியர்வைக்கு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

நெற்றியில் அவர் வரைந்த சிலுவை சிவப்பாக இருந்தது. பாதி அழிந்து அவள் விரல்களுக்குப் போயிருந்தது.

வெளியேதான் காய்ச்சினேன் என்ற ஜெசிந்தாவின் குரல் அப்போதுதான் கஸ்பார் காதில் விழுந்தது. உட்கார்ந்து அழுதார். செலின் பயந்துபோய், என்னப்பா, என்னப்பா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, வெறும் காவிதான் என்றார். அதைச் சொன்னபோது இன்னும் அதிகமாக அழுகை வந்தது.

அன்றே ஜன்னலுக்குக் கீழே இருந்த அடுப்பைப் பிடுங்கி வெளியே போட்டார்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனார். கக்கத்தில் ஒரு பை இருந்தது.

"செவப்பு எங்கெல்லாம் இருந்துச்சு அண்ணே?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

கஸ்பார் வலது கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். சோப்புப் போட்டு, கல்லில் தேய்த்துத் தேய்த்துத் தோல் வழன்று போயிருந்தது.

ஜெசிந்தா அந்த விரலைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. பிறகு கரண்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை.

அவளைத் தாண்டி ஓலை மறைப்புக்குப் போனார். பைக்குள் ஒரு சோப்பு, ஒரு வெள்ளைச் சட்டை, துவைத்து மடித்த ஒரு கைலி. பையை இரண்டாவது ஆணியில் மாட்டினார்.

திரும்பி வந்து கரண்டிக்குக் கை நீட்டினார்.