பரிசல் துறையில் நின்றவர்

தமயந்திக்கு வயது முப்பத்தொன்று. அவளுடைய சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். பழைய வீடியோ கேம் பெட்டிகளுக்குப் புது ஆட்டம் எழுதக் கற்றுக்கொள்ள, திருப்பூரில் அவள் அறைக்கு மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டேதான் படிப்பார்.

அன்று அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தமயந்தி எழுதிய ஆட்டம், பெட்டியில் செருகும் கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிப்பில் அடங்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பைட் அதிகம். ஐந்து மணிக்கு கூரியர் வந்துவிடும். அதற்குள் அடக்காவிட்டால் ஆட்டத்தில் எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும்.

“ஒண்ணையும் வெட்ட வேண்டாம் அம்மணி. என் புரோகிராம் பார்த்துக்கும்.”

அது அவரே எழுதிய புரோகிராம். ஆட்டத்தில் எதெல்லாம் மாறக் கூடாது என்று ஒரு பட்டியல் கொடுத்தால் போதும். அந்தப் பெட்டிக்குப் புரிகிற கட்டளைகளை லட்சம் விதமாக அடுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே குட்டையான வரிசையைத் தானே எழுதித் தரும். மனுஷ மூளைக்குத் தோன்றாத குறுக்கு வழியெல்லாம் அதற்குத் தோன்றும். அதை ஓடவிட்டு, நிமிஷத்துக்கு நாலு தரம் எட்டிப் பார்த்தார்.

“பார்த்துட்டே இருந்தா சீக்கிரம் முடிஞ்சிருமா சார்?”

“முடியாதுங்க. பார்க்காம இருக்க முடியலையே.”

மூன்றரைக்கு முடிந்தது. சிப்பில் எண்பத்து மூன்று பைட் இடம் மிச்சம். பட்டியலை வைத்துச் செய்த சோதனை எல்லாவற்றிலும் பாஸ். நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பேரன் பிறந்த மாதிரி இருந்தது.

“ஆடிப் பாருங்க,” என்றாள் தமயந்தி.

“அதான் எல்லாம் பாஸ் ஆயிருச்சுங்களே.”

“பரவால்ல, ஆடுங்க.”

வெள்ளம் வருவதற்குள் ஓர் ஆள் அக்கரை சேர வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். நாச்சிமுத்து மேட்டைத் தாண்டினார், வேலியைத் தாண்டினார், பரிசல் துறைக்கு வந்தார். அங்கே அவர் விரல் நின்றுவிட்டது. பரிசல் காலடியில் ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறியது. ஆள் முங்கிப்போனான்.

“நாயைக் காணோமே,” என்றார்.

ஆட்டத்தில் ஒரு நாய் உண்டு. முதல் தெருவிலிருந்து ஆளின் பின்னாலேயே வந்து, அவனோடு பரிசலில் ஏறிக்கொள்ளும்.

“உங்க பட்டியல்ல நாய் இருக்குதுங்களா?”

அவசரமாகப் புரட்டினார். ஆள் இருந்தான், வேலி இருந்தது, பரிசல், தண்ணீர், பாயிண்ட், சத்தம் எல்லாம் இருந்தது. நாயை எழுத மறந்திருந்தார். கேட்காததை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று புரோகிராம் அதைத் தூக்கிவிட்டது. அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது.

நாயைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டார். ஒன்பது பைட் இடம் போதவில்லை. இன்னொரு தரம் ஓடவிட்டார். அதே ஒன்பது. மணி நாலே முக்கால் ஆகியிருந்தது.

“அம்மணி, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அந்த நாய் பாயிண்ட் குடுக்குதுங்களா? இல்ல. வழி காட்டுதுங்களா? அதுவும் இல்ல. ஒருத்தரைக் கடிக்கக்கூட மாட்டேங்குது. அதால ஆட்டத்துல ஒண்ணும் ஆகறதில்லைங்க.”

“சரி.”

“ஊரே ஆடினாலும் ஒருத்தரும் அதைத் தேட மாட்டாங்க. விட்டுரலாமுங்களா?”

கீழே கூரியர் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தமயந்தி எழுந்திருக்கவில்லை.

“நீங்க ஆடறப்போ தண்ணி கழுத்து வரைக்கும் வந்துருச்சு சார். எதுக்குங்க பரிசல்ல ஏறாம நின்னீங்க?”