கஸ்பார் ஓடாவியின் கிட்டார்

என் தம்பி கஸ்பார் தோணி கட்டுகிற ஓடாவி. தூத்துக்குடிக் கடற்கரையில் அவன் கட்டிய வள்ளங்கள் இன்றும் மிதக்கின்றன. அவன் சொன்ன புளுகுகளும் மிதக்கின்றன.

என் மகள் டெல்பினாவுக்குக் கல்யாணம் முடிவானபோது, ஊர் மாமன்மார் கொடுக்கிற செயினும் வளையலும் தான் கொடுக்கப் போவதில்லை, தன் கையால் ஒரு கிட்டார் செய்து அதையே தாய்மாமன் சீராக வைக்கப் போவதாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். அவளும் மாமனுக்கு மேலே போனாள். பூசையில் மாமா செய்த கிட்டார்தான் வாசிக்க வேண்டும், வாடகைக் கிட்டார் வந்தால் நான் கோயில் படி ஏறமாட்டேன் என்றாள். தகப்பனைக் கடலுக்குக் கொடுத்த பெண் பிடிவாதம் பிடித்தால் எதிர்த்துப் பேச எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வருவதில்லை.

வினை கல்யாணத்துக்கு முந்தின மாலையில் வந்தது. கம்பிகளை முறுக்கும்போது, அவற்றின் அடியைப் பிடித்திருக்கும் கட்டை முகப்புப் பலகையை விட்டுப் பிய்ந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையின் கூரையில் போய் அடித்தது. விடிந்ததும் புதிதாகப் பசை தடவி, மூன்று கிளாம்பு போட்டு இறுக்கினோம். நான் பிடித்துக்கொண்டேன், அவன் முறுக்கினான். கடல் காற்றின் ஈரத்தில் பசை சோம்பேறித்தனமாகத்தான் பிடிக்கும். வெயில் கொட்டகை வாசலில் நுழைந்து, கிட்டாரின் மேல் ஏறி, அதைக் கடந்து சுவருக்குப் போகிறவரை யாரும் கிளாம்பைத் தொடக்கூடாது. தொட்டால் கட்டை மறுபடியும் பறக்கும். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

வெயில் வாசலில் எட்டிப் பார்த்த நேரத்தில் ஜெசிந்தா டீச்சர் வந்துவிட்டார். பாடகர் குழுவை நடத்துகிறவர். சாயங்காலப் பூசையில் கிட்டார் வாசிக்கப் போகிறவரும் அவர்தான். கூடவே என் கொழுந்தன் தொபியாஸ். அவர் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். ஆர்மோனியம் இருக்கிற கோயிலில் இன்னொரு வாத்தியம் எதற்கு என்பது அவருடைய நெடுநாள் கேள்வி.

"வாடகைக் கிட்டாரோட வேன்காரன் தெருமுனையில நிக்கான்" என்றார் டீச்சர். "ஒரு வார்த்தை சொல்லுங்க கஸ்பார். இது ரெடியா, இல்லையா?"

"போன வெள்ளிக்கிழமையே ரெடி."

"அப்போ கிளாம்பு எதுக்கு?"

கஸ்பார் கிட்டாரைப் பார்த்தான். பிறகு வாசலில் கிடந்த வெயிலைப் பார்த்தான்.

"ஓடிராம இருக்கத்தான்" என்றான்.

"என்னது ஓடும்?"

"கிட்டாரு. உக்காருங்க டீச்சர். இது சாதாரண சாமான் இல்ல. விவரம் தெரியாம தொட்டீங்கன்னா எனக்குப் பாவம்."

டீச்சர் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். தொபியாஸ் நின்றுகொண்டே இருந்தார். நான் கட்டஞ்சாயா போட உள்ளே போனேன். சன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"குலசேகரத்துக்குப் பக்கம் ஒரு பலா மரம். மத்த மரத்துல மரங்கொத்தி கொத்தினா டொக்கு டொக்குன்னு கேக்கும். இதுல கொத்தினா பாட்டாக் கேக்கும். தாளம் தப்பிக் கொத்தின மரங்கொத்தியை மரமே உதறி விட்டுரும்."

"மரங்கொத்திக்கு இருக்கிற தாளம் உமக்குக் கிடையாது, வே" என்றார் தொபியாஸ்.

"அறுக்கப் போனவங்க ரெண்டு இழுப்பு இழுப்பாங்க, வாளை வச்சுட்டு ஆடுவாங்க. மறுபடி ரெண்டு இழுப்பு. அந்த மரம் சாயுறதுக்குள்ள ரெண்டு பேருக்குக் கட்டிக்கப் பொண்ணு அமைஞ்சுட்டு, அவ்வளவு கூட்டம் வேடிக்கை பாக்க. சரி, அதை விடுங்க. இந்தப் பக்கப் பலகையைப் பாருங்க. வளைஞ்சிருக்குல்லா? மத்தவன் வெந்நீர்ல ஊறப்போட்டு, சூட்டுக் குழாயில வச்சு வளைப்பான். நான் சித்திரை மாசத்துல உப்பளத்துக்கு நடுவுல கொண்டுபோய் நட்டமா நிறுத்தினேன். பலகைக்கு வெயில் தாங்கலை. சூரியன் கிழக்க இருக்கும்போது இப்படிக் குனிஞ்சுது. உச்சிக்கு வந்ததும் அப்படி நெளிஞ்சுது. மேக்க சாயும்போது தானா இடுப்பு விழுந்துட்டு. இது நான் போட்ட வளைவு இல்ல டீச்சர், சூரியன் போட்டது."

டீச்சர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஒரு பக்கம் இடுப்பு கொஞ்சம் கோணலா இருக்கே?"

"அன்னைக்கு மத்தியானம் கொஞ்ச நேரம் மேகம்."

வெயில் கிட்டாரின் விளிம்பைத் தொட்டது. நான் சாயா கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றேன்.

"நடுவுல இந்த வட்ட ஓட்டை இருக்கே" என்று கஸ்பார் தொடர்ந்தான். "இதுலதான் ஒரு சங்கதி. மரப்பெட்டியில ஓட்டையைப் பாத்தா ஓடாவி கை சும்மா இருக்குமா? எங்க அப்பன் சோறு ஊட்டும்போதே சொல்லித் தந்தது அது ஒண்ணுதான், ஓட்டையைப் பாத்தா அடை. பஞ்சைத் திணிச்சு, குங்கிலியத்தைக் காச்சி ஊத்தி, அடைச்சுட்டேன்."

இது மட்டும் உண்மை. ஓட்டையை மட்டுமல்ல, பலகைகள் சேரும் இடுக்கையெல்லாம் தோணிக்கு அடைப்பதுபோல அடைத்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது அக்கா என்று என்னிடம் காட்டினான். சத்தம் எப்படி வெளியே வரும் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தான். அவன் அப்படி யோசித்து நான் பார்த்ததில்லை.

"அடைச்சுட்டுத் தட்டினேன். சத்தமே இல்ல. எங்க போச்சுங்கீங்க? உள்ளதான் இருந்துது. வழி இல்லாம உள்ளேயே கிடந்து குட்டி போட்டுப் பெருகிச்சு. பெட்டி பலாப்பழம் கணக்கா உப்பிட்டு. சரி, பாவம்னு அடைப்பை எடுத்தேன் பாருங்க. முயல் தீவுல இருந்த கொக்கெல்லாம் ஒண்ணா எழும்பிச்சு. துறைமுகத்துல நின்ன கப்பல்காரன் ஏதோ பெரிய கப்பல் வருதுன்னு பதிலுக்குச் சங்கு ஊதினான்."

"நான் அன்னைக்கு ஊர்ல இல்லை போலுக்கு" என்றார் தொபியாஸ்.

"இருந்தீரு. ஆர்மோனியம் வாசிச்சுக்கிட்டு இருந்தீரு. அதுல ஊர்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்கலை."

டீச்சர் சாயாவுக்குள் சிரித்தார்.

"ஓடாவி கையால செஞ்ச சாமான் தண்ணி காணாமக் கரையில கிடக்கிறது முறையில்லைலா? சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிச்சு, கடல்ல இறக்கினேன். அவ்வளவுதான் தெரியும். கச்சான் காத்து கம்பியில பட, தானா வாசிச்சுக்கிட்டே போவுது. பின்னாடி சாளைக் கூட்டம், அதுக்குப் பின்னாடி துள்ளித் துள்ளி ஓங்கில் மீனு. நேரே கொழும்பு. அங்க சுங்கக்காரன் மறிச்சு பாஸ்போர்ட் கேட்டிருக்கான். ஒரு ஞானப்பாட்டு வாசிச்சிருக்கு. கண்ணைத் துடைச்சுட்டு முத்திரை குத்தி விட்டுட்டான்."

"முத்திரை எங்க?"

"பாலிஷ் போட்டதுல மறைஞ்சுட்டு. திரும்பி வந்து நம்ம கரையில சாஞ்சுக்கிட்டு வாசிச்சுது பாருங்க, கடல் அப்படியே நின்னு கேட்டுது. வத்தணும்ங்கிறதையே மறந்துட்டு. உப்பளத்துக்காரங்க வந்து கையெடுத்துக் கும்பிட்டாங்க, கஸ்பாரே, பாத்தியெல்லாம் முங்கிப்போச்சு, அதை நிறுத்தும்னு. அன்னைக்குப் போட்ட கிளாம்புதான். எடுத்தா ஓடிரும்."

வெயில் கிட்டாரின் பாதியில் நின்றது. கஸ்பாரின் நெற்றியில் வேர்வை. அவனிடம் இதற்கு மேல் சரக்கு இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. கடலையே நிறுத்திவிட்ட பிறகு எதை நிறுத்துவான்?

தொபியாஸ் டம்ளரை வைத்தார். "டீச்சர், இவன் புளுகைக் கேட்டுக்கிட்டு இருந்தா மாப்பிள்ளைக்கு நரை விழுந்துரும். வேன்காரன் போயிருவான். நானே கழட்டிப் பாக்கேன்." கிளாம்பின் திருகில் கை வைத்தார்.

கஸ்பார் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான்.

டீச்சரும் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. கழட்டலாமா?"

பொய் சொல்லாதவள் என்கிற பேர் எனக்கு உண்டு. தனியாக இருக்கிற பெண்ணுக்கு அது எளிதில் கிடைக்கிற பேர்தான். யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை.

"வேண்டாம்" என்றேன். "கழட்டிக் கம்பி பூட்டினா அவரு வந்துருவாரு."

"யாரு?"

"டெல்பினா அப்பா."

தொபியாஸின் கை திருகிலேயே நின்றது.

"போன வெள்ளிக்கிழமை தம்பி முதல்முதலாக் கம்பி பூட்டித் தட்டினான். நான் அடுப்படியில நின்னேன். பின்வாசல்ல ஈரக்கால் சத்தம். இடுப்புச் சாரத்துல இருந்து தண்ணி சொட்டச் சொட்ட வந்து, அவரோட பலகையில உக்காந்தாரு. நான் ஒண்ணும் கேக்கலை. தட்டு வச்சு, சோறு போட்டு, நெத்திலிக் குழம்பு ஊத்தினேன். ரெண்டு வாய் சாப்பிட்டாரு. புளி பத்தலைன்னாரு. இத்தனை வருசம் கழிச்சு வந்து சொல்லுத பேச்சா இதுன்னு கேட்டேன். இத்தனை வருசத்துல கத்துக்கிட்டிருக்கலாம்லான்னாரு."

கஸ்பார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெறகு?" என்றார் டீச்சர், மெதுவாக.

"மகளுக்குக் கல்யாணம்னு சொன்னேன். மாப்பிள்ளை என்ன சோலி பாக்கான்னாரு. கப்பல் ஆபீஸ்ல, நாற்காலியில உக்காந்து பாக்குற வேலை, கடலுக்குப் போறதில்லைன்னேன். நல்லதுன்னாரு. அதுக்குள்ள இவன் கம்பியை இறக்கிட்டான். திரும்பிப் பாத்தா தட்டுல பாதிச் சோறு இருக்கு, ஆளு இல்ல. தரையைத் துடைச்சு மாளலை டீச்சர். அவ்வளவு தண்ணி."

தொபியாஸ் திருகிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒரு காகம் கூரையில் வந்து உட்கார்ந்து, எதுவும் சொல்லாமல் போனது.

"மறுபடி வந்தாங்களா அக்கா?"

"கம்பி பூட்டினாத்தானே."

வெயில் கிட்டாரைத் தாண்டிச் சுவரில் ஏறியிருந்தது. கஸ்பார் எழுந்து, கட்டையின் ஓரமாக நகத்தால் அழுத்திப் பார்த்தான். கிளாம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கம்பிகளைக் கோத்து, தூங்குகிற குழந்தையின் காதைத் திருப்புவதுபோல முறுக்கினான். ஒரு தடவை கட்டை முனகியது. பிறகு அமைதியாகி, பிய்யாமல் நின்றது.

டீச்சர் வாங்கி மடியில் வைத்து, எல்லாக் கம்பிகளையும் ஒரே வீச்சில் மீட்டினார். இனிமையான சத்தம் என்று சொல்லமாட்டேன். இரவு நங்கூரத்தில் நிற்கிற தோணியின் வயிற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி கனமாக வந்து, போக மனமில்லாமல் நின்றது.

யாரும் கிட்டாரைப் பார்க்கவில்லை. எல்லோரும் வீட்டின் பின்வாசலைப் பார்த்தோம். நானும் பார்த்தேன்.

அங்கே வேன்காரன் நின்றுகொண்டிருந்தான். "கிட்டாரு வேணுமா, வேண்டாமா? எனக்கு வேற ஓட்டம் இருக்கு."

"வேண்டாம்ப்பா" என்றார் டீச்சர். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிட்டாரைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக் கோயிலுக்குப் புறப்பட்டார்.

கஸ்பார் கிளாம்புகளைப் பெட்டியில் போட்டான். அவன் முகத்தில் நன்றியைவிடப் பொறாமைதான் அதிகம். "அக்கா, புளுகுக்கும் ஒரு அளவு வேணும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

தொபியாஸ் மட்டும் போகவில்லை. ஆறிப்போன சாயாவைக் குடித்து முடித்து, டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"மைனி, அண்ணன் வந்தாருங்கதை நான் நம்பலை."

"நம்ப வேண்டாம்."

"ஆனா புளி பத்தலைங்கது உண்மை. இன்னைக்கு விருந்துக் குழம்புக்காவது வேற ஆளைப் போடுங்க."