வைரவன் தூங்கிய மதியம்

எனக்கு முதலில் அநியாயம் செய்தது வைரவன்தான். மடத்துப் பந்தியில் எல்லோர் முன்னாலும், "காவல் இருந்த மலையாண்டி தூங்கிட்டாரு. வாழைக்கன்றை மாடு தின்னுடுச்சு" என்றார். "தூங்குமூஞ்சிக்கு எதுக்குய்யா காவல்?" என்று சிரிக்கவும் செய்தார்.

நான் தூங்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன், அவ்வளவுதான்.

தோட்டக் காவல் வைரவனுக்குப் போனது. மடத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

குருவம்மாவிடம் போனேன். வயதில் என் மகள் மாதிரி. ஆனாலும் மடத்துக்கு அவர்தான் குரு.

"அம்மா, தூங்கினவனுக்குத் தான் தூங்கினது தெரியாதா?"

"இன்னைக்கு வைரவன் ஐயா காவல். எதிர்ல உட்கார்ந்து பாருங்க. அவர் தூங்கிட்டா காவல் உங்களுக்கு."

வேறென்ன வேண்டும்! மதியம் மாமரத்தடியில் அவர் எதிரே உட்கார்ந்தேன். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டிருந்தார் மனுஷன். இமை தாழ்ந்தது. விழி மெல்ல உருண்டது. தலை சரிந்தது.

"அம்மா! தூங்கிட்டாரு! ஓடி வாங்க!"

அம்மா வந்து அவர் தோளைத் தொட்டார்.

"யாருய்யா தூங்கினது?" என்றார் வைரவன். "நீ செருமினதுகூடக் கேட்டுச்சே!"

"பொய்! பச்சைப் பொய்!"

"பொய் இல்லை ஐயா. அது தூக்கத்தோட முதல் படி" என்றார் அம்மா. " அதுல நிக்கிறவருக்கு இன்னும் வெளியிலேயே இருக்கிற மாதிரி இருக்கும்."

'அப்ப நானும்...' வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

வைரவன் மறுபடி சரிந்தார். கால் வெடுக்கென்று உதறியது. பிறகு மூச்சு நீண்டது. பூசை மணியை எடுத்துவந்து காதருகே ஆட்டினேன். அசையவே இல்லை!

"ஆழத்துக்குப் போயிட்டார். உடம்பு தன்னைத்தானே பழுது பார்க்கிற நேரம்."

மர நிழல் நகர்ந்து வேலியைத் தொட்டது. மூடிய இமைக்குள் விழிகள் ஓட ஆரம்பித்தன. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்! நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"உள்ள யாரையோ துரத்துறாரு அம்மா!"

"கனவு. மூளை முழிச்ச ஆள் மாதிரி வேலை செய்யுது. எழுந்து ஓடிடக் கூடாதுன்னு உடம்பைக் கட்டிப் போட்டிருக்கு."

அவர் கையைத் தூக்கிவிட்டேன். ஈரத்துணி போல விழுந்தது. உதடு மட்டும் துடித்தது.

"மன்னிச்சுடு மலையாண்டி."

"கேட்டீங்களா! மன்னிப்புக் கேட்டுட்டாரு!" பிடித்து உலுக்கினேன். "இன்னொரு தரம் சொல்லுய்யா!"

வைரவன் கண்ணைக் கசக்கினார். "எதை?"

"மன்னிப்பு!"

"உன்கிட்டயா? மாடு துரத்துற மாதிரி கனவு கண்டேன். போய்யா."

அம்மா காவல் கம்பை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

"இது சரி. எனக்கு வர வேண்டிய மன்னிப்பு?"

"தூங்கினவர் கொடுத்துட்டார் ஐயா. முழிச்சிருந்தவர்தான் வாங்கிக்கலை."

முழித்திருக்கும்போது வைரவன் இன்னும் கேட்கவில்லை.