ஒரே வாளியில் ஊறிய பல்செட்டுகள்

இது நேரில் பார்த்தது அல்ல. அந்த மடத்தில் கொஞ்ச காலம் சமையல் செய்த ஒருவர் சொல்லக் கேட்டது. நடுவில் ஏதாவது விட்டுப்போயிருக்கலாம்.

மலையடிவாரத்து மடம் அது. போக்கிடம் இல்லாத முதியவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு சீடன் நவநீதனுடையது. அவன் வந்தபின் கூடம் பளிச்சென்று ஆனது. ஆளுக்கொரு டம்ளரில் கிடந்த பல்செட்டுகளையெல்லாம் ஒரே வாளி உப்புத் தண்ணீரில் போட்டு ஒன்றாகக் கழுவினான். வேலை சட்டென்று முடிந்தது.

இருளாண்டி மட்டும் இளைத்துக்கொண்டே போனார். பழைய பஸ் கண்டக்டர். "சாம்பாரா இது? பருப்பு எந்த ஸ்டாப்புல இறங்குச்சு?" என்று வம்பிழுப்பவர், இப்போது கஞ்சியைக்கூடப் பாதியில் வைத்தார். பேச்சும் குறைந்துவிட்டது.

நவநீதன் பயந்துபோய்க் குருவிடம் வந்தான்.

"பிழைப்பாரான்னே தெரியலை சாமி. மருந்து, சுத்தம், நேரத்துக்குச் சோறு. எதுல குறை வச்சேன்?"

குரு எழுந்துபோய் இருளாண்டியின் கட்டிலில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படியில் உலை கொதித்து, சோறு வடித்து, பந்தியும் முடிந்தது. அவர் நகரவில்லை.

"என்ன சாமி, இறங்குற உத்தேசம் இல்லையா?" என்றார் இருளாண்டி, வாய் குழற.

"அவசரமில்லை."

இருளாண்டி கொஞ்சம் தயங்கினார். பிறகு வாயிலிருந்து பல்செட்டைக் கழற்றிக் குருவின் உள்ளங்கையில் வைத்தார். ஈறெல்லாம் புண்.

"இது என்னுது இல்லீங்க."

அருகில் நின்ற நவநீதனுக்கு வாளி கண்முன் வந்தது. பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதில் ஞாபகம் மங்கிக் கிடந்த பொன்னுரங்கத்தைப் போன வாரம்தான் எரித்திருந்தார்கள். வாயில் இருந்த பல்செட்டோடு.

"எங்கிட்ட ஏன் ஐயா சொல்லலை?"

"நீ நல்ல பிள்ளை தம்பி. ஓடிக்கிட்டே இருந்தே."

குரு வெளியே வந்ததும் அவன் பின்னாலேயே போனான்.

"தினமும் கேட்டேனே சாமி, நல்லா இருக்கீங்களான்னு!"

"கேட்டே. அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்த கட்டிலுக்குப் போயிட்டே."

பிற்பாடு விசாரித்ததில் ஒன்று உறுதியானது. மடம் புதுப் பல்செட்டுக்குச் சொல்லியிருந்தது, அது வந்தும் சேர்ந்தது. அப்போது இருளாண்டி உயிரோடு இல்லை.