இலுப்பைத் தோப்பில் உருண்ட பந்து

குளக்கரை இலுப்பை மரங்கள் பூ உதிர்க்கத் தொடங்கினால், விலங்குகள் எல்லாம் விடியற்காலையில் அங்கே கூடிவிடும். கூட்டத்தை நடத்துவது கரடி. கிளைகளை உலுக்கிப் பூவைக் கொட்டுவது குரங்கு. தின்பதும் பேசுவதுமாக, வெயில் ஏறும்வரை ஒரே கும்மாளம்.

"கூட்டத்துக்கு என்று நாலு விதி வேண்டாமா, கரடியண்ணா?" என்று முயல் ஒருமுறை கேட்டது.

"விதியா! நாம் என்ன அந்நியர்களா? எல்லாரும் நல்லவர்கள்தானே!" என்று சிரித்தது கரடி.

அந்த வருஷம் முதன்முதலாக அலங்கு என்னும் எறும்புத்தின்னி வந்தது. உடம்பெல்லாம் செதில், மிகவும் கூச்சம். அதற்குப் பூ வேண்டாம். பூவை மொய்க்கும் எறும்பு போதும். வாலில் குட்டியைச் சுமந்துகொண்டு ஓரமாக மேய்ந்தது. குட்டியை யாரும் கவனிக்கவில்லை.

குரங்கு மேலிருந்து பார்த்தது. "அடடே! பலாக்காய்க்குக் கால் முளைத்திருக்கிறதே!"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் உற்சாகமாகி, குரங்கு இறங்கி வந்து அலங்கின் முதுகில் ஓங்கித் தட்டியது. பயந்தால் அலங்குக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டது.

"பந்து! பந்து!" குரங்கு அதை உருட்டியது. பன்றி திருப்பி உருட்டியது.

முயல் கரடியைப் பார்த்தது. குரங்கு கோபித்துக்கொண்டு போனால் பூவை யார் உலுக்குவது என்று கரடி நினைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. கரடியே சும்மா இருக்கிறதே என்று மற்றவையும் சும்மா இருந்தன.

பந்து சரிவில் ஓடிக் குளத்தில் விழுந்தது.

நீர்நாய் பாய்ந்து அதை இழுத்து வந்தது. கரையில் அலங்கு மெல்ல விரிந்தது. உள்ளே குட்டி அசைவற்றுக் கிடந்தது. பிறகு இருமியது, தண்ணீரைக் கக்கியது, மூச்சு விட்டது.

"குட்டி இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?" என்றது குரங்கு. "வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சுருண்டுகொண்டேனே! அதற்குமேல் எப்படிச் சொல்வது?" என்று கேட்டுவிட்டு அலங்கு போய்விட்டது.

மாலையில் கரடி அதன் வளைக்குப் போனது. "எல்லாருக்கும் வருத்தம், தங்கச்சி. நாளைக்கு வா."

"மறுபடி உருட்டினால் யாரைக் கூப்பிடுவது, அண்ணா?"

"என்னை..."

"இன்றைக்கும் நீங்கள் அங்கேதான் நின்றீர்கள்."

கரடி தலை குனிந்து திரும்பியது.

மறுநாள் ஒரு பூவை எடுப்பதற்கு முன்னே கரடி பேசியது. "வேண்டாம் என்பவரைத் தொடக்கூடாது. சுருண்டாலும் ஒதுங்கினாலும் வேண்டாம் என்றுதான் பொருள். தொந்தரவு என்றால் நீர்நாயிடம் சொல்லுங்கள். தொந்தரவு நானாக இருந்தாலும் சொல்லுங்கள். மீறினவருக்கு அன்றைக்குத் தோப்பில் இடமில்லை."

"சட்டம் போட்டால் கலகலப்பு போய்விடும்!" என்றது குரங்கு.

"யாருடைய கலகலப்பு?" என்றது முயல்.

குரங்கு தாவி வந்து முயலின் காதை இழுத்தது. "இதற்குமா சட்டம்?"

"வேண்டாம்!" என்றது முயல். குரங்கு மறுபடியும் இழுத்தது.

நீர்நாய் எழுந்து நின்றது. எல்லாரும் கரடியைப் பார்த்தார்கள். இந்த முறை கரடி முகத்தைத் திருப்பவில்லை.

"இன்றைக்குக் கிளம்பு, தம்பி. நாளைக்கு வா."

"நான் போனால் பூ விழாது!"

"தானாக விழுவது போதும்."

குரங்கு முணுமுணுத்துக்கொண்டே போனது. பூக்கள் ஒன்றிரண்டாகத்தான் விழுந்தன. யாருக்கும் வயிறு நிறையவில்லை.

வெயில் ஏறும் நேரத்தில் ஒரு புதர் அசைந்தது. அலங்கு அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மெதுவாக வெளியே வந்தது. வாலில் இருந்த குட்டி இறங்கி இரண்டடி நடந்தது. அதன் முதுகில் ஒரு பூ பொத்தென்று விழ, பயந்துபோய்ச் சின்னப் பந்தாகச் சுருண்டது.

பன்றி ஓரடி பின்னால் நகர்ந்தது. மற்றவையும் நகர்ந்தன. எல்லாரும் காத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சிறு மூக்கு வெளியே நீண்டு, அந்தப் பூவை முகர்ந்து பார்த்தது.

எல்லாரும் நல்லவர்கள் என்ற நம்பிக்கை மட்டும் கூட்டத்தில் எளியவரைக் காக்காது. எது கூடாது என்று முன்பே சொல்லி, நமக்கு வேண்டியவரே மீறினாலும் சொன்னபடி நிற்பதே காக்கும்.